முடியே இல்லாத நாய்க்கு முடிவெட்டா?

போன மாசம் எங்கள் மணியை நாய் பார்லருக்குக் கூட்டிப்போனேன். மணி சிப்பிப்பாறை இன நாட்டு நாய். கிள்ளினால்கூட விரலில் பிடிபடாத முடி. பில் 1,400 ரூபாய், அதில் 'ஹேர் கட்' என்று ஒரு வரி. எதை வெட்டினீர்கள் என்று கேட்டால், "பேக்கேஜ் சார்" என்கிறார்கள். காசிமேட்டு வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டார்: "எனக்குத் தல தேய்ச்சுவுட ஆளில்ல, நாய்க்கு இன்னாடா பார்லரு?"

அன்று ராத்திரி மணி என் மடியில் காலைப் போட்டுப் படுத்தான். முன்னங்கால் விரலிடுக்கில் பட்டாணி அளவுக்கு ஊதிப்போன உண்ணி. அந்த இடுக்கை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. வாசனை மட்டும் பிரமாதம், மல்லிகைப்பூ ஸ்பிரே!

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் பார்லருக்குக் கொட்டும் காசு தண்டம் என்பேன். இந்த நாய்களுக்குக் கைதான் சீப்பு. ஞாயிறு காலை மொட்டைமாடியில் ரப்பர் பிரஷ்ஷால் முடி போகிற வாக்கில் தேய்ப்பேன். புசுபுசு நாய்க்கு விற்கும் கம்பி பிரஷ் வேண்டாம், தோலைக் கீறிவிடும். அப்புறம் வெறுங்கையால் தடவிக்கொண்டே போக வேண்டும்: பெல்ட்டுக்கு அடியில், காது மடிப்பு, அக்குள், வாலடி, ஒவ்வொரு விரலிடுக்கும். மெல்லிய முடி என்பதால் கடுகளவு புடைப்பும் கையில் தட்டும்.

குளியல் மாசம் ஒருமுறை போதும். ஆனால் கருவாடு காயும் இடத்தில் புரண்டுவிட்டு வருபவனை என்ன செய்வது? அன்றைக்கு எக்ஸ்ட்ரா குளியல்தான். போர் தண்ணீர் உப்பு, நுரையே வராது. அடிபம்பில் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், பிடித்துவைப்பேன். நம் ஷாம்பு ஆகாது, நாய்த்தோலின் அமிலத்தன்மை வேறு.

பக்கத்து வீட்டு அண்ணன் உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தாலே வந்துவிடும். இன்னொன்று, முட்டையிடுவது நாய்மேல் இல்லை. ரத்தம் குடித்த உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் இடும். மாடிப்படி வெடிப்பையெல்லாம் நான் சிமெண்ட் வைத்து அடைத்தேன். காய்ச்சல், சோறு இறங்காதது என்றால் கைவைத்தியம் வேண்டாம், வேப்பேரிக்கு ஓடுங்கள். 1903இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கேதான். பேர்தான் மாட்டாஸ்பத்திரி, நான் போகும்போதெல்லாம் வரிசை முழுக்க நாய்.

நகத்தில்தான் எனக்கு இன்னும் உதறல். வெள்ளை நகமென்றால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். மணிக்குக் கறுப்பு நகம். அரிசி கனத்துக்குச் சீவிச் சீவி, வெட்டின இடத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஒருமுறை அவசரப்பட்டேன், ரத்தம் நிற்கவில்லை. சோளமாவை அப்பி அழுத்திப் பிடித்தேன். அதிலிருந்து கட்டரைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறான். நேற்று அம்மா மேரி பிஸ்கட்டைக் காட்டி வெளியே வரவைத்து, காலைப் பிடித்துக்கொண்டார். முன்னங்கால் முடிந்தது, பின்னங்கால் இரண்டும் பாக்கி.