பிகிலா டோக்கியோவில் காலணி அணிந்தே ஓடினார்

"காலணி வாங்க வசதியின்றி, இரண்டு ஒலிம்பிக் மாரத்தானையும் வெறுங்காலிலேயே வென்றவர் அபேபே பிகிலா" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 1960இல் ரோமில் அவர் வெறுங்காலில் ஓடியது உண்மை. ஆனால் காரணம் வறுமை அல்ல. அவர் எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படை வீரர். பயிற்சியாளர் ஓன்னி நிஸ்கானனிடம் முறையாகப் பயிற்சி பெற்றவர். ரோமில் கிடைத்த காலணிகள் காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியும் இருந்தார். அத்தனை ஆண்டு உழைப்பை ஏழ்மைக் கதையாகச் சுருக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

1964இல் டோக்கியோவில் காலணி அணிந்தே ஓடினார். அதுவும் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களிலேயே! 2 மணி 12 நிமிடம் 11 வினாடி. அன்றைய உலகச் சாதனை. ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் வீரரும் அவரே.