சேர்த்து உட்காரவைப்பதற்கு முன்
"அலுவலகத்தில் இருவருக்குள் மோதல் என்றால் உடனே ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள்" என்று மேலாளர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை பாதிதான் சரி. முன்தயாரிப்பு இல்லாமல் உட்காரவைத்தால் வாய் உள்ளவர் ஜெயிப்பார். மற்றவர் "சரி" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து தன் பக்கம் ஆள் சேர்ப்பார். முதலில் இருவரிடமும் தனித்தனியாக ஒரு 20 நிமிடம் பேச வேண்டும், நடந்ததை மட்டும் கேட்க வேண்டும். "அவர் என்னை மதிப்பதே இல்லை" என்பதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் நான் தயாரித்த அறிக்கையை என் பெயரைச் சொல்லாமல் காட்டினார்" என்றால் பேசித் தீர்க்கலாம். இப்படித் துருவிக்கொண்டே போனால், எந்த வேலையில் கடைசி முடிவு யாருடையது என்று யாருமே சொல்லாமல் விட்டிருப்பது பல நேரம் வெளியே வரும் (அது மேலாளரின் தவறு). சேர்ந்து பேசிய அன்றே, யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று நாலு வரி மெயில் அந்த இருவருக்கு மட்டும் போகட்டும். சிலர் சொல்வதுபோல் பெரிய அதிகாரிக்கும் நகல் போகும்படி சிசியில் போட்டால் அது புகார் ஆகிவிடும், பதில் எழுதுபவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுவார். மிரட்டல், பாலியல் சீண்டல் என்றால் இந்த வழி கூடவே கூடாது; நேராக எச்ஆருக்கு (மனிதவளப் பிரிவுக்கு) எழுத்தில் போக வேண்டும்.