புயல் இல்லை என்று சொன்ன மாலை

பணகுடிப் பக்கம் காற்றாலைகள் இன்னும் மேற்கைப் பார்த்தே நிற்கின்றன. ஆனி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்த காற்று முழுதாக ஓயவில்லை. புரட்டாசி பாதி கடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு வள்ளியூர் தாண்டிப் போய், அந்த இறக்கைகள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வருகிறேன். ஐப்பசியில் ஏதோ ஒரு நாள் அவை மெல்லத் திரும்பி வடகிழக்கைப் பார்க்கும். உவரிக் கடற்கரையில் அன்று கேட்டால் கொண்டல் காற்று வந்துவிட்டது என்பார்கள். எத்தனை செயற்கைக்கோள் படம் பார்த்தாலும், பருவம் மாறிவிட்டது என்று என் மனம் நம்புவது அந்த இறக்கைகளைப் பார்த்த பிறகுதான்.

பல ஆண்டுகளாக இதுதான் என் வாழ்க்கை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அதை அளந்து நோட்டில் எழுதாமல் நான் காப்பி குடிப்பதில்லை. எட்டரை என்பது நாடு முழுவதும் மழை அளக்கும் நேரம். அந்த ஒரு நிமிடத்தில் மாஞ்சோலையிலும் காயல்பட்டினத்திலும் இருக்கும் ஏதோ ஒரு மனிதரோடு நானும் சேர்ந்து குனிந்திருப்பதாக ஒரு நினைப்பு எனக்கு உண்டு. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இரவில் தூக்கம் வராது. அது புயலாகும் என்று தெரிந்தால் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். அதனால் தெருவில் எனக்குப் புயல் துரத்துகிறவன் என்று பெயர்.

துரத்துவது என்ற சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே சமவெளியில் டொர்னாடோ எனும் சுழற்காற்றின் பின்னால் காரில் ஓடுகிறார்கள். அது சில நிமிடங்களில் முடிந்துபோகும், சில நூறு மீட்டர் அகலம்தான் இருக்கும், பின்னால் ஓடினால்தான் பார்க்க முடியும். நம்முடைய புயல் அப்படிப்பட்டதில்லை. பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு மேகத்தைப் பரப்பிக்கொண்டு, பெரும்பாலும் சைக்கிள் வேகத்தில் வரும். அதைத் துரத்த முடியாது. எங்கே கரை ஏறும் என்று கணித்து, இரண்டு நாள் முன்பே அங்கே போய், உறுதியான ஒரு கட்டடத்தில் இடம் பிடித்துக் காத்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று வாசலில் நிற்பதைப் போன்ற காத்திருப்பு அது.

2018 நவம்பர் 15ஆம் தேதி இரவு வேதாரண்யத்தில் அப்படிக் காத்திருந்தேன். நள்ளிரவு கடந்து கஜா கரை ஏறியது. அந்தச் சத்தத்தை எழுத என்னிடம் சொற்கள் இல்லை. விடிந்ததும் தெருவில் இறங்கினேன். தென்னந்தோப்புகள் சீப்பால் வாரிவிட்டதைப் போல ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. ஒரு பெரியவர் தன் தோப்புக்குள் மரம் மரமாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். நான் கேமராவை எடுக்கவில்லை. அன்றைக்குப் பிறகு புயலைப் பார்க்கப் போகும்போதெல்லாம் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் குளோரின் மாத்திரையும் ஒரு பையில் போகின்றன.

இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் கஜா இல்லை. 2023 டிசம்பர்.

அதற்கு முன் எங்கள் சீமையின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். புயல் சுழலுவதற்குப் பூமியின் சுழற்சி கொடுக்கும் உந்துதல் தெற்கே வர வர குறையும். கிழக்கே இலங்கை பெரிய அண்ணனைப் போல மறித்து நிற்கிறது. வருகிற புயல் அதன் மலைகளில் மோதிப் பாதி உயிரை விட்டுவிட்டுத்தான் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கும். 2020 டிசம்பரில் புரெவி அப்படித்தான் ஆனது. திருகோணமலை அருகே கரை ஏறி, இலங்கையைக் கடந்து, தென் மாவட்டங்களுக்கெல்லாம் விடுமுறை விடும் அளவுக்குப் பயம் காட்டிவிட்டு, பாம்பனுக்குப் பக்கத்துக் கடலிலேயே நின்று கரைந்துபோனது. அன்று பாளையங்கோட்டையில் சோம்பலான தூறல்தான்.

விதிவிலக்குகள் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இலங்கையைக் கடந்து வந்த புயல்தான். 1992 நவம்பரில் தூத்துக்குடி அருகே ஒரு புயல் கரை கடந்தபோது தாமிரபரணி ஊருக்குள் வந்ததை என் அப்பா இன்றைக்கும் சொல்வார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி குமரி முனைக்குப் பக்கத்திலேயே சில மணி நேரத்தில் புயலாக மாறியது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லாமல் போனது. குமரிக் கரையில் சில ஊர்களில் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்காத தெருக்களை நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஆனாலும் எங்கள் மக்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்த எண்ணம் ஒன்றுதான். புயல் என்றால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம். நமக்கு வராது.

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை மாலை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. தொலைக்காட்சியில் படகுகள் ஓடிய படங்கள் எல்லோர் கண்ணிலும் இருந்தன. ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் போன் செய்தார். வியாபார ஊர் அது. பொங்கலுக்கான பித்தளைப் பானைகளும் எவர்சில்வர் சரக்கும் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன.

"தம்பி, சென்னைக்கு வந்ததைப் போல நமக்கும் புயல் உண்டா?"

"இல்லை அண்ணாச்சி. புயல் இல்லை. குமரிக் கடல் பக்கம் வெறும் மேலடுக்குச் சுழற்சிதான். மழை நன்றாக இருக்கும்."

"புயல் இல்லையே, அது போதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசிவரை அது புயல் ஆகவில்லை. தாழ்வு மண்டலம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த 'வெறும்' என்ற சொல்லை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

மறுநாள் மார்கழி முதல் தேதி. அன்று பகலும் இரவும் வானம் எங்கள் மேல் நின்றுகொண்டது, நகரவே இல்லை. வங்கக் கடலின் ஈரத்தை எல்லாம் கிழக்குக் காற்று வாரிக் கொண்டுவந்து கடற்கரையில் குவித்தது. மேகக் கூட்டம் ஒன்று பெய்து ஓய்வதற்குள் அதே இடத்தில் அடுத்தது வந்து நின்றது. 18ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு அளந்தபோது காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. கரிசல் காட்டுக் கோவில்பட்டியில் 53. ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்பதுதான் வானிலைத் துறையினரின் கணக்கு. அதற்கு மேல் வைக்க அவர்களிடம் பெயர் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியிருந்தது.

நான் இரவெல்லாம் மழைமானியை நான்கு முறை காலி செய்தேன். எழுதும்போது கை நடுங்கியது. எங்கள் ஊரில் வெள்ளத்தை அளக்கக் குறுக்குத்துறை முருகன் கோயில் இருக்கிறது. ஆற்றின் நடுவே, வெள்ளத்தைத் தாங்குவதற்கென்றே கட்டிய கோயில். மண்டபம் முழுகிவிட்டதா, கோபுரம் தெரிகிறதா என்பதை வைத்துத்தான் பெரியவர்கள் ஆற்றின் கோபத்தைச் சொல்வார்கள். அன்று கொக்கிரகுளம் பாலத்துக்கே தண்ணீர் வரக் கண்டோம். வண்ணாரப்பேட்டையிலும் ஜங்ஷனிலும் வெள்ளம்.

கீழே இன்னும் மோசம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் – சென்னை ரயில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள் சுற்றிலும் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாடு போட வேண்டியிருந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் புகுந்தது. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அறுத்துக்கொண்டு போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் மலையடியில் இருக்கின்றன. மழை பொதிகையில் பெய்தால் அவை ஓரளவு தாங்கிக்கொள்ளும். எங்கள் முன்னோர் கணக்கும் அதுதான்: மேற்கே பெய்யும், அணை பிடிக்கும், எட்டு அணைக்கட்டுகள் வழியாக வயலுக்குப் பிரியும், கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர். இந்த முறை மலையில் மட்டும் பெய்யவில்லை. அணைகளுக்குக் கிழக்கே, சமவெளியிலும் கடலோரத்திலும் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் விழுந்த 62 சென்டிமீட்டரை எந்த அணை பிடிக்கும்? ஆறும் காட்டாறும் குளமும் ஒரே இரவில் ஒன்றாகிவிட்டன.

சாலை திறந்த பிறகு ஏரலுக்குப் போனேன். அண்ணாச்சி கடை வாசலில் உட்கார்ந்து, சேற்றுக்குள்ளிருந்து ஒவ்வொரு குடமாக எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். கல்லாவுக்கு மேலே வெகுதூரம் சுவரில் வண்டல் கோடு. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்கள் சொன்னது சரிதான் தம்பி, புயல் வரவில்லை" என்றார். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே சொன்னார். அதுதான் என்னை உடைத்தது.

அன்றிலிருந்து நான் பிடிவாதமாகச் சொல்லிவருவதை இங்கேயும் சொல்கிறேன். புயல் என்ற பட்டம் காற்றை மட்டும் அளந்து கொடுப்பது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், அதற்குக் கீழே இருந்தால் தாழ்வு மண்டலம், அதற்கும் கீழே காற்றழுத்தத் தாழ்வு, சுழற்சி. அந்த ஏணியில் மழைக்கு ஒரு படிகூட இல்லை. காற்று வீட்டுக் கூரையைப் பிடுங்கும் ஊர்களுக்கு அந்த ஏணி பொருந்தும். எங்களைக் கொல்லுவது தண்ணீர். தண்ணீருக்கு அந்த ஏணியை வைத்து அளந்தால் எங்கள் ஆபத்து எப்போதும் கடைசிப் படியில்தான் நிற்கும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் உருவாகும் புயல்களுக்காக 13 நாடுகள் சேர்ந்து 169 பெயர்கள் கொடுத்திருக்கின்றன. இந்தியா கொடுத்த பட்டியலில் முரசு என்றும் நீர் என்றும் நம் காதுக்கு இனிக்கும் பெயர்கள்கூட இருக்கின்றன. 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்தச் சுழற்சிக்கு ஒற்றை எழுத்தில்கூடப் பெயர் இல்லை. பெயர் இல்லாததை யாரும் பயந்து பேசுவதில்லை, டீக்கடையில் வாதிடுவதில்லை, சரக்கை மேலே ஏற்றுவதில்லை. பிரிட்டனில் 2015 முதல் புயலுக்குப் பெயர் வைக்கும்போது அது விளைவிக்கக்கூடிய பாதிப்பைப் பார்க்கிறார்கள். மழையால் வரும் பாதிப்புக்கும் அதில் இடம் உண்டு. நாமும் ஏன் செய்யக்கூடாது? தேதியைச் சொல்லித்தான் நாங்கள் எங்கள் பேரிடரைக் குறிப்பிட வேண்டுமா?

இன்னொன்று, பார்வை. 2023இல் எங்கள் வானத்தைப் பார்க்கக் காரைக்கால் ராடார் இருந்தது, திருவனந்தபுரம், கொச்சி ராடார்கள் இருந்தன. காரைக்கால் எங்களிடமிருந்து 330 கிலோமீட்டருக்கு மேல். பூமி வளைந்திருப்பதால் அவ்வளவு தூரத்தில் ராடாரின் கதிர் மேகத்தின் தலையைத்தான் தொடும், வயிற்றைத் தொடாது. மேற்கே இருப்பவற்றுக்கும் நமக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. தாமிரபரணிச் சமவெளியை நேராகப் பார்க்கும் ஒரு கண் வேண்டும். ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் தானே அளந்து அனுப்பும் மழைமானி வேண்டும். இது ஆடம்பரக் கோரிக்கை இல்லை. நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவது என்று சொல்லி இதைத் தள்ளிவைப்பவர்கள், கடல் சூடேறிக்கொண்டிருப்பதையும், சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

என் தாத்தா படிக்காதவர். கிழக்கிலும் மேற்கிலும் ஒரே இரவில் மின்னினால் ஆற்றங்கரையில் படுக்காதே என்பார். நண்டு வளையை அடைத்தால் வரப்பை உயர்த்துவார். புயலா சுழற்சியா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு வரும் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

அதனால் இந்தப் பருவத்தில் என்னிடம் புயல் உண்டா என்று யார் கேட்டாலும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல மாட்டேன். உங்கள் ஊருக்கு மேலே எந்தக் குளம், அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது, 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் பெய்தால் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வரும் என்று திருப்பிக் கேட்பேன். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து போய்ப் பார்ப்போம். கஜாவைப் பார்க்க வேதாரண்யம் போனவன் ஏரலுக்குக் குளம் பார்க்கப் போவதில் என்ன குறை?

போன வாரம் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தேன். அந்த வண்டல் கோட்டின் மேல் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். அதற்கு மேலே புதிதாகப் பரண் அடித்திருக்கிறார். மழைக்காலம் முடியும்வரை பித்தளைச் சரக்கு முழுவதும் அங்கேதானாம். இறக்கி ஏற்ற ஒரு பையனை வைத்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, பணகுடியில் காற்றாடி திரும்பிவிட்டதா?"

"இன்னும் இல்லை அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்."

"நானும் வருகிறேன்" என்றார்.