பரீட்சை முடிந்த பின்பும் கற்பவர்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் யாழ்ப்பாணத்து மதில்களெல்லாம் பிள்ளைகளின் படங்களால் நிறைந்துவிடுகின்றன. மூன்று ஏ எடுத்தவரின் பெயரும் மாவட்ட நிலையும் பதாகைகளில் தொங்கும். கோயில் வீதியில் நின்றாலும் கலியாண வீட்டில் இருந்தாலும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியும், அதற்கு வேண்டிய ஆகக்குறைந்த வெட்டுப்புள்ளியுமே பேச்சாக இருக்கும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை மனமார மதிக்கிறேன். ஆயினும், கல்வியின் மீது இவ்வளவு பற்று வைத்திருக்கும் நம்மில் மிகப் பலர் கடைசிப் பரீட்சையோடு கற்பதையும் நிறுத்திவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள கவலை.

பரீட்சை மீதான பிடிப்பு நமக்குச் சும்மா வந்ததல்ல. வற்றாத ஆறு ஒன்றுமில்லாமல், கிணற்று நீரை மட்டும் நம்பிய குடாநாட்டில், அரச உத்தியோகமே ஒரு குடும்பத்தை நிமிர்த்தும் வழியாகப் பல தலைமுறைகளுக்கு இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடிய புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தல் ஒவ்வொரு புள்ளியையும் வாழ்வா சாவா என்ற கணக்காக்கியது. 1995 ஒக்டோபரில், போர் நெருங்கியபோது, வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இரவோடு இரவாக வெளியேறியவர்களில் பலர் சான்றிதழ்களை மறக்காமல் பையில் எடுத்து வைத்தார்கள். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் குப்பி விளக்கில் படித்த ஒரு தலைமுறையைப் பார்த்து, பரீட்சையை ஏன் இவ்வளவு பெரிதாக நினைத்தீர்கள் என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆனால் அந்தப் பிடிப்போடு ஓர் அச்சமும் நமக்குள் இறங்கியிருக்கிறது. பிழையான விடைக்குப் புள்ளி குறையும் என்று பதினாறு, பதினெட்டு வயது வரை பழகிய மனம், பிறகு பிழை விட இடமுள்ள எந்த முயற்சியையும் தவிர்க்கத் தொடங்குகிறது. “இந்த வயதில் இனி என்ன படிப்பு” என்று நாம் சொல்வது நேரமில்லாமையால் என்று நான் நம்பவில்லை. தெரியாதவராகப் பிறர் முன் நிற்க நாம் கூசுகிறோம். தன்னம்பிக்கைப் பேச்சுகளை எவ்வளவு கேட்டாலும் இந்தக் கூச்சம் போவதில்லை. தெரியாத ஒன்றில் கை வைத்தால்தான் போகும்.

இந்த ஆண்டு நான் மகளின் இரண்டாம் மொழிப் பாடநூலை வைத்துச் சிங்கள எழுத்துகளைப் பழகத் தொடங்கினேன். சில நாட்கள் பக்கத்தில் இருந்து பார்த்த அவள், “அப்பா, உங்களுக்கு எப்ப சோதினை?” என்று கேட்டாள். இல்லை என்றதும், “அப்ப ஏன் படிக்கிறீங்கள்?” என்றாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி இயல்பாக வருகிறது என்றால், அதை அவளுக்குப் பழக்கியவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தான்.

எங்கள் அயலில் தோட்டம் செய்யும் அண்ணை ஒருவர் பதினாறு வயதளவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மேசை லாச்சிக்குள் அவர் வைத்திருக்கும், தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகளை ஒருநாள் எனக்குக் காட்டினார். மழை பெய்த நாட்கள், வெங்காயம் நட்ட திகதி, எத்தனை நாளுக்கு ஒருக்கால் இறைப்பு, சந்தையில் அன்றைய விலை ஆகியவற்றோடு, கயிறு விட்டு முழத்தில் அளந்த கிணற்று நீர்மட்டமும் அதில் இருந்தது. கூடுதலாக இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும் என்பதும், அளவுக்கு மீறிப் போட்ட உரம் சுண்ணக்கல்லினூடாக இறங்கி நாம் குடிக்கும் தண்ணீரிலேயே கலக்கும் என்பதும் அவர் அறிந்தவை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, ஒரே தோட்டத் தறையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பூவரசங்குழையைப் பசளையாக மண்ணில் தாழ்த்து, மற்றதில் மாட்டெருப் போட்டு, விளைச்சலைத் தனித்தனியே நிறுத்து எழுதியிருக்கிறார். குழை தாழ்த்த பக்கத்தில் வெங்காயம் சிறுத்திருந்தாலும், பிடி கட்டித் தொங்கவிட்டபோது அழுகியது குறைவு என்பது அவருடைய குறிப்பு. அப்படியானால் குழைதான் நல்லதோ என்று கேட்டேன். “ஒரு போகத்தை வைச்சு முடிவு சொல்லக்கூடாது, தம்பி. அடுத்த முறையும் பாப்பம்” என்றார். ஆய்வு மனப்பான்மை என்று நான் மதிப்பது இதைத்தான்.

பட்டம் பெற்றவர்களிலும் நமக்கு முன்னோடி இருக்கிறார். 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அந்தப் பெருமையோடு அவர் நின்றுவிடவில்லை. கணக்குத் துறை உத்தியோகம், சட்டத்தொழில், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி என்று நீண்ட உழைப்பு வாழ்க்கையின் ஊடே, தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அந்த வேலைக்குப் பாடத்திட்டமோ வெட்டுப்புள்ளியோ இருக்கவில்லை.

எங்கள் ஊர்களில், ஊரவர் வாசிக்கவும் கூடவும் அமைத்த சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. காலையில் பத்திரிகை வாசிக்க வருபவர்கள் போனபின், அவற்றில் பல பின்னேரம் வரை பூட்டிக் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு மாலை, முப்பது வயதைக் கடந்தவர்கள் தாம் இப்போது எதைப் பழகுகிறோம், எதில் தடுமாறுகிறோம் என்று அங்கே பேசுவதற்கு இடம் தரும்படி எங்கள் நிலைய நிருவாகத்திடம் கேட்டிருக்கிறேன். சான்றிதழும் பரிசும் வேண்டாம், மேடையும் வேண்டாம், கதிரைகளை வட்டமாகப் போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணை தன் கொப்பிகளோடு வர ஒத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளும் வந்து பின்னால் இருக்கலாம். பெரியவர்கள் “எனக்கு இது தெரியாது” என்று சொல்வதை அவர்கள் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.