முகப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்

சென்னை உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் குவிமாடங்களைப் படமெடுத்து 'நம் பாரம்பரியம்' என்று பதிவிடும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1892இல் அது திறக்கப்பட்டபோது அந்தப் பாணி யாருடைய பாட்டன் சொத்தும் அல்ல. அது ஓர் அரசியல் முடிவு.

1857க்குப் பிறகு இந்தியாவை நேரடியாக ஆள வந்த பிரிட்டிஷ் அரசுக்குத் தன்னை முகலாயரின் வாரிசாகக் காட்டிக்கொள்ளும் தேவை இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு 1870இல் ஆற்றிய உரையில், அரசுக் கட்டடங்களுக்கு இஸ்லாமியப் பாணியே ஏற்றது என்று வாதிட்டார். இதில் கட்டுமான நியாயமும் உண்டு: தூணும் உத்தரமுமாக எழும் கோயில் முறையில் தூண் மறைக்காத அகலமான கூடம் கிடைப்பது கடினம். ஆனால் விளைவைப் பாருங்கள். கோயில் பாணி கோயிலோடு நின்றது. ஆட்சிக்கு வேறு பாணி வந்தது. சிசம், இர்வின் போன்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் அதைக் கடற்கரை முதல் எழும்பூர் வரை கட்டி எழுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆற்காட்டு நவாபு பட்டத்தை 1855இல் ஒழித்து, சேப்பாக்கம் அரண்மனையையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் நவாபின் பாணி மீது இவ்வளவு பிரியம் பிறந்தது.

இதற்கான தமிழ்நாட்டின் பதிலாக நான் பார்ப்பது வள்ளுவர் கோட்டத்தை. கணபதி ஸ்தபதி வடிவமைத்து 1976இல் திறக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, அதைக் கட்டத் தொடங்கிய கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. பகுத்தறிவு பேசிய இயக்கம் திருவாரூர்த் தேரைக் கல்லில் செய்து, சாமி இருக்கும் இடத்தில் வள்ளுவரை உட்காரவைத்தது. கோயில் வடிவத்தை அரசு எடுத்தாளலாம், அதில் சாமி இல்லாமலும் இருக்கலாம் என்ற துணிச்சல் எனக்கு இன்றும் பிடிக்கும்.

குறையும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்களில் தேர் என்பது வடிவம் மட்டுமா? வடம் பிடிக்க யாருக்கு உரிமை, தேர் எந்தத் தெருவுக்குள் வரும், எந்தத் தெருவுக்கு வராது என்பதில்தான் சாதியின் முழு வரைபடமும் கிடக்கிறது. கல் தேருக்கு வடம் இல்லை. அது யாரையும் விலக்கவில்லை. யாரையும் இழுக்கக் கூப்பிடவும் இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

ஓமந்தூரார் தோட்டக் கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே ஜெர்மன் நிறுவனம் வடிவமைத்த புதிய தலைமைச் செயலகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டபோது குவிமாடம் முடியவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமாக ஒன்றை அமைத்துக் கொடுத்தார். சினிமா செட் போட்டாவது குவிமாடம் இருந்தே ஆக வேண்டும் என்ற அந்தப் பதற்றத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, 2014இல் கட்டடம் மருத்துவமனையானது. சட்டமன்றமோ கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டைக்குள்ளேயே நடக்கிறது. இவ்வளவு சண்டையிலும் செலவு, பெயர், யார் திறந்தது என்பவற்றைத் தாண்டி, உள்ளே மக்களுக்கு எவ்வளவு இடம் என்று விவாதித்தவர்கள் அரிது.

ஒரு கட்டடத்தின் அரசியல், முகப்பைவிடத் தரைத்தள வரைபடத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஏதாவது ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். அதிகாரியின் கார் நனையாமல் நிற்கப் போர்ட்டிகோ இருக்கும். மனு கொண்டுவந்த மூதாட்டி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். குவிமாடமா, கோபுரமா, கண்ணாடிச் சுவரா என்பதெல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

எனவே அடுத்த முறை புதிய அரசு அலுவலகத்துக்கு வண்ணப் படம் வெளியிட்டால், கூடவே தரைத்தள வரைபடத்தையும் கேட்போம். மனுதாரர் எங்கே உட்காருவார், சக்கர நாற்காலி எந்த வாசல் வழியாக நுழையும், பெண்கள் கழிப்பறை எந்த மூலையில் என்று அதில் குறித்திருக்க வேண்டும்.