வளர்ந்தது மரம், காடு இல்லை
வெட்டிய இடத்தில் 80 வருஷத்தில் பழையபடி காடு வந்துவிடும், ஸ்வீடனைப் பாருங்கள் என்று காடு வெட்டுவதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. அங்கே பெரும்பாலும் வருவது ஒரே வயசு மரங்கள், அதையும் நூறு வயசு வாக்கிலேயே திரும்ப வெட்டிவிடுகிறார்கள். கை படாத காட்டில் விழுந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கட்டை மட்கவே பல பத்தாண்டு ஆகும், அந்தக் கட்டைக்குள்தான் பூஞ்சையும் வண்டும் குடித்தனம், கிளையில் தாடி மாதிரி தொங்கும் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்) பனிக்காலத்தில் துருவமானுக்கு (ரெயின்டீர்) தீனி. இளமரத்தில் அதெல்லாம் எங்கே? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் செயற்கைக்கோள் படத்தில் பச்சை கூடியிருக்கிறதே என்கிறார். சரி, வேதாரண்யத்தில் எங்கள் வீட்டெதிரே இருக்கும் சவுக்குத் தோப்பும் மேலிருந்து பார்த்தால் பச்சைதான், நாலு வருஷத்துக்கொரு வெட்டு, உள்ளே போனால் காலடியில் காய்ந்த ஊசிச் சருகு மெத்தை, வேறொன்றும் முளைப்பதில்லை. கொஞ்ச தூரத்தில் கோடியக்கரைக் காட்டில் பாலை மரத்தடியில் நின்றால் கொடியும் புதருமாகக் கால் வைக்க இடம் இருக்காது.