அரைகுறைப் புறவழிச்சாலை எங்கே போய் முட்டும்?

கோவை மேற்குப் புறவழிச்சாலை வரட்டும், வேண்டாம்னு யார் சொன்னா? பாலக்காடு ரோட்டுல மைல்கல்ங்கிற இடத்துல பிரிஞ்சு, மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்கற நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்கும் மொத்தம் 32 கிலோமீட்டர். பாலக்காட்டுப் பக்கமிருந்து மேட்டுப்பாளையம், ஊட்டி போற வண்டி நகரத்துக்குள்ள இருக்கற உக்கடத்துல நுழையாமலே போயிடும். கோவைக்கு நல்லதுதான்.

எனக்கு வயிறு எரியறது வேற இடத்துல. வேலை மூணு கட்டம். முதல் கட்டம் சிறுவாணி ரோட்டுல இருக்கற மாதம்பட்டியோட நிக்குது. அதை மட்டும் திறந்துவிட்டா, அதுல வர்ற லாரி மாதம்பட்டியில இறங்கி அப்புறம் எங்கே போகும்? வலது பக்கம் திரும்பினா சிறுவாணி ரோட்டுல பேரூர். இல்லைன்னா தொண்டாமுத்தூர் வழியா வடவள்ளி. ரெண்டுமே ஊருக்கு நடுவுல போற ரோடுங்க!

தொண்டாமுத்தூர் ரோட்டுல காலையில நின்னு பாருங்க. சின்ன வெங்காய மூட்டை ஏத்தின ஆட்டோ, பால் கேன் கட்டின டிவிஎஸ் ஃபிஃப்டி, பள்ளிக்கூட வேன். போன வாரம் ஒரு டிப்பர் லாரியோட சைடு கண்ணாடி என் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு. ஒதுங்க இடமில்லை. தாரை விட்டு இறங்கினா முழங்கால் ஆழத்துக்குக் குழி. இத்தனைக்கும் இது இப்போதைய போக்குவரத்துக்கே! இன்னும் நூறு லாரி சேர்ந்தா எங்கம்மா கோயிலுக்கு எப்படி ரோட்டைத் தாண்டுவாங்க?

அடுத்த ரெண்டு கட்டமும் முடியற வரைக்கும் பகல்ல கனரக வண்டியை மாதம்பட்டியில இறக்கி எங்க ஊர் ரோடுகள்ல விடாதீங்க. மாதம்பட்டி சந்திப்புல சிக்னலும் விளக்கும் போட்டுட்டுத் திறங்க.